மீனுக்கு நான்கு நாள் தேர்வு

பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கில் ஏதாவது ஒரு நிறமாக இருக்கும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த இந்த நிறத்தைத் தீர்மானிப்பது ஆய்வகத்து எலி. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் வாய்வழி போனாலே பாதி எலிகள் செத்துவிடும் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மருந்து அடிக்கிறவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நிறம் ஓரளவு சொல்லிவிடும். அடித்த வயலின் தண்ணீர் வடிகிற வாய்க்காலில் கெண்டையும் விராலும் பிழைக்குமா என்பதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இது சின்ன விஷயம் அல்ல. கல்லணையில் பிரிகிற தண்ணீர் ஒரு வயலோடு நிற்பதில்லை. மேல்வயலின் வடிகால் பல இடங்களில் கீழ்வயலுக்குப் பாசனம். கடைமடைக்குப் போகப் போக இரண்டுக்கும் ஒரே வாய்க்கால்தான். வழியில் ஊர்க் குளங்கள் நிரம்புகின்றன, அவற்றில் மீன் வளர்க்கக் குத்தகை விடுகிறார்கள்.

மீனுக்கான கணக்கைச் சொல்லும் சோதனை தனியாக இருக்கிறது. ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 1981இல் வெளியிட்டு, 2019இல் திருத்திய 203ஆம் எண் வழிகாட்டி அதற்கு உலகப் பொது விதி. ஒரே கூட்டத்துச் சின்ன மீன்களை முதலில் பல நாள் ஆய்வகத் தண்ணீருக்குப் பழக்குவார்கள். அப்போதே நிறையச் செத்தால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டும். பிறகு குறைந்தது ஐந்து தொட்டிகளில் மருந்தை ஏறுவரிசையில் கலப்பார்கள். முதல் தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் அடுத்தடுத்து 2, 4, 8, 16 என்பது போல. மருந்தே கலக்காத ஒரு தொட்டியும் பக்கத்தில் இருக்கும். தொட்டிக்குக் குறைந்தது ஏழு மீன். முந்தின நாளிலிருந்தே தீனி கிடையாது. தீனியும் கழிவும் தண்ணீரைக் கெடுத்து ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டால், மீன் எதனால் செத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

அப்புறம் 96 மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மீன் சாய்ந்து நீந்துகிறது, எது மேலே வந்து வாயைத் திறக்கிறது, எதன் நிறம் மாறுகிறது என்று எல்லாவற்றையும் குறிப்பார்கள். வால் அடியைத் தொட்டும் அசைவில்லை, செவுள் மூடியும் அசையவில்லை என்றால் இறந்ததாகக் கணக்கு. நான்கு நாள் முடிவில் பாதி மீன்களைக் கொல்லும் அடர்த்தியைக் கணக்கிட்டு எடுப்பார்கள். எல்.சி.50 என்பது அதுதான். மருந்தில்லாத தொட்டியில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தாலோ, தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் நிறைவளவில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ அந்தச் சோதனை செல்லாது.

ஏன் பாதி? முதல் மீன் சாகிற அளவு ஒரு நோஞ்சானைப் பொறுத்தது. கடைசி மீன் சாகிற அளவு ஒரு கெட்டி உயிரைப் பொறுத்தது. இரண்டு ஓரங்களும் சோதனைக்குச் சோதனை ஆடும், நடுப்புள்ளி அவ்வளவாக ஆடாது. ஏன் நான்கு நாள்? கடும் நஞ்சுகளில் பெரும்பாலானவை அதற்குள் தங்கள் வேலையைக் காட்டிவிடுகின்றன. திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமை முடிகிற சௌகரியமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் படப்பையில் உள்ள பன்னாட்டு உயிரித்தொழில்நுட்ப, நச்சியல் நிறுவனம் போன்ற இடங்களில் பதிவுக்கான நச்சுத்தன்மைச் சோதனைகள் நடக்கின்றன. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலிருந்து ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகியவற்றில் செய்த இத்தகைய ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அந்த எண்கள் ஆய்விதழ்களில் கிடக்கின்றன. களத்துமேட்டுக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு எண்ணை வயலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நட்ட மூன்று நான்கு நாளில் மணலோடு கலந்து வீசுகிற பியூட்டாகுளோர் களைக்கொல்லிக்குச் சிபாரிசு அளவு எக்டேருக்கு 1.25 கிலோ வீரியப்பொருள். எலிக் கணக்கில் இது நீல வரிசை. சாதாக் கெண்டைக்கு இதன் 96 மணி நேர எல்.சி.50 லிட்டருக்குச் சுமார் 0.32 மில்லிகிராம். வயலில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் எக்டேருக்கு இரண்டரை லட்சம் லிட்டர். போட்டது முழுவதும் தண்ணீரில் கரைந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வருகிறது. பாதிக் கெண்டையைக் கொல்லும் அளவைப் போலப் பதினைந்து மடங்கு.

உண்மையில் அவ்வளவு இருக்காது. களைக்கொல்லியில் பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். களைக்கொல்லி போட்டபின் இரண்டு நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சவும் கூடாது என்று வேளாண்துறை சொல்வது களை சாவதற்காக. வாய்க்கால் மீனைக் காப்பாற்றுவதும் அதே இரண்டு நாள்தான். சம்பா நடவுக்குப் பின் வடகிழக்குப் பருவமழை வரப்பை மீறிக் கொட்டினால் அந்த அவகாசம் போய்விடும். மழைக்கான அறிகுறி இருக்கும் நாளில் களைக்கொல்லி போடுவது காசுக்கும் நட்டம், குளத்துக்கும் நட்டம். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ய வரைவு ஆணை வெளியிட்டபோது பியூட்டாகுளோரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

எலிக்கும் மீனுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிவது பைரித்ராய்டு வகை மருந்துகளில். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்கிற லாம்ப்டா சைஹாலோத்ரின் எலிக் கணக்கில் மஞ்சள் வரிசைதான், சிவப்புகூட இல்லை. அமெரிக்க நன்னீர் மீனான புளூகில்லுக்கு அதன் எல்.சி.50 லிட்டருக்கு 0.21 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் மருந்து 47 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு ஏக்கர் குளத்தில் ஏறக்குறைய நாலடி தண்ணீர்! பாலூட்டிகளின் ஈரல் இந்த மருந்தை வேகமாக உடைத்துப் போடுகிறது. மீனுக்கு அந்த வேகம் இல்லை. செவுள் வழியாக நேரே இரத்தத்தில் ஏறி நரம்பைத் தாக்குகிறது. இந்த வகை மருந்துகள் புகையான் பூச்சியைப் பெருக்கிவிடும் என்பதால் நெல்லில் தவிர்க்கச் சொல்லி வேளாண் விஞ்ஞானிகள் ஏற்கெனவே எச்சரிக்கிறார்கள்.

இயற்கைப் பொருள் என்றால் பயமில்லை என்ற நினைப்பும் இங்கே எடுபடாது. மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் வேண்டாத மீனை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவது பழைய வழக்கம். அதிலுள்ள சப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு எக்டேருக்கு 2,500 கிலோ, அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம். சுமார் மூன்று வாரத்தில் நச்சு அடங்கி, மிச்சம் குளத்துக்கு உரமாகிறது. எவ்வளவு போட்டால் சாகும், எத்தனை நாளில் அடங்கும் என்ற இரண்டும் தெரிந்திருப்பதால்தான் அதை நம்பிக் கையாள முடிகிறது.

தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இதே தேர்வைச் சட்டம் தலைகீழாக வைக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின்படி, நல்ல தண்ணீர் எதுவும் கலக்காத கழிவுநீரில் விட்ட மீன்களில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். வயலிலிருந்து வடியும் தண்ணீருக்கு இப்படி ஒரு தேர்வு கிடையாது.

நான்கு நாள் தேர்வில் தப்பிய மீன் நலமாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அது முட்டையிடுமா, குஞ்சு பிழைக்குமா என்பதற்கு வேறு நீண்ட சோதனைகள் உண்டு. தொட்டியில் ஒரு மருந்துதான். வாய்க்காலில் மூன்று நான்கு மருந்தோடு யூரியாவும் சேர்ந்து வரும். காற்றை நேரே சுவாசிக்கும் விரால் தாங்குவதைக் கெண்டை தாங்காது. மீனைக் கொல்லாமலே தெரிந்துகொள்ளும் வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன: வரிக்குதிரை மீனின் கருமுட்டையில் செய்யும் சோதனைக்கு ஓ.இ.சி.டி. 2013இலும், மீன்செவுள் செல்லில் செய்யும் சோதனைக்கு 2021இலும் வழிகாட்டி வெளியிட்டது. முழு மீன் சோதனை இன்னும் கைவிடப்படவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டில், மீனுக்கு நஞ்சு என்ற எச்சரிக்கை சில மருந்துகளுக்குப் பொடி எழுத்தில் இருக்கிறது. சாய்சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் படமும் அதன் கீழே எல்.சி.50 எண்ணும் வெளியே தெரிய அச்சாக வேண்டும் என்பது என் கட்சி. எலிக்கு ஒரு நிறம் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

அதுவரைக்கும் ஒரு குறிப்பு. குளத்தில் மீன் செத்து மிதந்தால் எல்லாமே மருந்தின் வேலை ஆகாது. விடியற்காலையில் பெரிய மீன் முதலில் சாய்ந்து, விரால் மட்டும் பிழைத்திருந்தால் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவுதான். நேரங்காலம் இல்லாமல் சின்னதும் பெரியதும் செத்து, தண்ணீர்ப் பூச்சியும் கூடச் செத்துக் கிடந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். அப்போது தண்ணீரைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அடிச்சேற்றையும் தனியாக ஒரு பாட்டிலில் எடுப்பது நல்லது, பைரித்ராய்டு தண்ணீரை விட்டுச் சேற்றில் இறங்கிவிடும்.