புல் சாகட்டும், ஆள் சாகலாமா?

காலையில் பெரட்டு முடிந்ததும் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் தாயாரும் அந்த வரிசையில் போனவர்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது அவர் விரல் நகங்கள் கறுத்து வெடித்திருக்கும். சில நாள் மூக்கில் ரத்தம் வரும். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லடா, மருந்து பட்டுடுச்சி. தேங்காயெண்ணெய் தடவுனா சரியாப் போயிடும்" என்பார். புல்லைச் சாகடிக்கிற மருந்து மனுசனையும் தொடும் என்று அன்று நமக்கு எடுத்துச் சொன்னவர் யாருமில்லை.

பொந்தியான் வட்டாரத்தில் பெரும்பகுதி கம்புட் மண். மரமும் இலையும் பல ஆயிரம் வருஷம் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த கறுப்பு மண் அது. அன்னாசிக்குப் பேர்போன மண். பெக்கான் நானாஸ் என்ற ஊர்ப்பேரே அதற்குச் சாட்சி. செம்பனையும் இதில் வளர்கிறது. ஆனால் இந்த ஈரத்தில் பயிர் வளர்கிற வேகத்தில் புல்லும் வளரும், பூச்சியும் பெருகும். உயிரோடு நிற்கிற மரத்தையே கறையான் தின்னும். குருத்தைக் கொம்பன் வண்டு குடையும். இலையைக் கூண்டுப்புழு அரிக்கும். காயை எலி கடிக்கும். கானோடெர்மா என்ற காளான் நோய் அடிமரத்தை அழுக வைக்கும். ஆகவே பூச்சி, புல், நோய் மூன்றையும் அடக்காமல் தோட்டம் நடக்காது. அதை நாம் மறுக்கவில்லை. எப்படி அடக்குவது, யார் உடம்பை வைத்து அடக்குவது என்பதே நம் கேள்வி.

இந்த மாதிரி மண் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவிலும் சதுப்பு நிலத்தில் கிரான்பெரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தைப் பயிர் செய்கிறார்கள். அங்கேயும் களைத் தொல்லை உண்டு. அதற்கு அமினோடிரயசோல் என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். அறுவடைக்குப் பிறகுதான் அடிக்க வேண்டும் என்ற விதியைச் சிலர் மீறினார்கள். 1959 நவம்பர் 9-ஆம் தேதி அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஆர்தர் பிளெமிங், சில பழங்களில் அந்த விஷம் இருக்கிறது, அது எலிகளுக்குத் தைராய்டுப் புற்றுநோய் உண்டாக்கியது என்று பகிரங்கமாக அறிவித்தார். அவர்கள் விருந்துப் பண்டிகைக்கு 17 நாள்தான் பாக்கி. கடைகள் பழத்தை எடுத்து ஒதுக்கின. நாடே அந்தப் பழத்தைத் தொடப் பயந்தது. நஷ்டப்பட்ட விவசாயிகளுக்குப் பின்னர் அரசாங்கம் பணமும் கொடுத்தது.

தோழர்களே, கவனியுங்கள். சாப்பிடுகிறவன் தட்டில் விஷம் என்றதும் சில நாளில் நாடே அசைந்தது. மருந்து அடிக்கிறவள் உடம்பில் விஷம் என்றபோது என்ன நடந்தது?

பாராகுவாட் கதையைப் பாருங்கள். ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை எடுக்கக்கூடியது; முறிவு மருந்தும் கிடையாது. சுவீடன் 1983-லேயே அதைத் தடை செய்தது. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே வருஷம் நம் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. பதினேழு வருஷத்துக்கு மேல் இழுத்தடிப்பு! அதற்குள் எத்தனை நகம் உதிர்ந்தது, எத்தனை மூக்கில் ரத்தம் வந்தது என்று யார் கணக்கெடுத்தார்?

ஒரு விஷம் போனதால் ஆபத்து போய்விடவில்லை. இன்று கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் பம்பில் இருக்கின்றன. குளுபோசினேட் கர்ப்பத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்று ஐரோப்பா வகைப்படுத்தியிருக்கிறது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விஷம் இல்லாமல் தோட்டம் நடக்குமா என்று கேட்பார்கள். முழுக்க இல்லாமல் நடக்காமல் போகலாம். ஆனால் குறைக்க வழி நிறைய இருக்கிறது. ஆந்தைக் கூண்டு வைத்தால், ஒரு ஜோடி ஆந்தை குஞ்சுகளோடு சேர்ந்து வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும். அந்தத் தோட்டத்தில் எலி விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். மஞ்சள் பூப்பூக்கும் தர்னேரா செடியை ரோட்டோரம் நட்டால், கூண்டுப்புழுவை அழிக்கும் குளவிகள் தேனுக்கு வந்து தங்கும். அழுகிக் கிடக்கும் பழைய மரத்தைப் பொடியாக்கிப் பரப்பி, மேலே கொடிப்பயிர் மூட விட்டால், கொம்பன் வண்டு முட்டையிட இடம் குறையும். கானோடெர்மாவுக்குக் குணப்படுத்தும் மருந்தே இல்லை. நோய் கண்ட மரத்தை வேரோடு தோண்டி எடுப்பதுதான் வழி. எல்லாப் புல்லையும் கொல்லவும் வேண்டியதில்லை. கம்புட் மண்ணில் மென்மையான பாக்கிஸ் செடி ஈரத்தைக் காக்கும். மரத்தடி வட்டத்தையும் நடைபாதையையும் சுத்தம் செய்தால் போதும். தரையை மொட்டையடிக்கச் சொல்கிற மண்டோர் விஷத்தை வீணாக்குகிறார், ஆளையும் கெடுக்கிறார்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? தகரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கையுறை, பூட்ஸ், முகமூடி, மேலுடை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கிழிந்த கையுறை விஷத்தை உள்ளே பிடித்து வைக்கும். எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலித் தகரத்தில் தண்ணீர் பிடித்து வைக்கவே கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 2000-இல் வந்த ரசாயன விதிமுறைகளும் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கின்றன. மருந்தின் ஆபத்தை அவர் மதிப்பிட வேண்டும். ஆபத்து உள்ள வேலையாளுக்கு வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் டாக்டர் சிபாரிசு செய்தால் அந்த வேலையிலிருந்து மாற்ற வேண்டும். 2024 ஜூன் 1 முதல், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பி, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையை விட்டு விலகவும் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது.

இன்று பம்பு சுமப்பவர்களில் இந்தோனேசியாக்காரரும் வங்காளதேசத்தவரும் நிறையப் பேர். "அவங்களுக்கு நாம ஏன் பேசணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். விஷத்துக்கு பாஸ்போர்ட் பார்க்கத் தெரியாது. அவர் கையில் கையுறை இல்லாவிட்டால் நாளை உங்கள் கையிலும் இருக்காது.

நம் தாயார் கேட்கத் தெரியாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். அவர் பிள்ளைகள் நாம் கேட்கத் தெரிந்தவர்கள். நாளை பெரட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு பம்புல என்ன மருந்துங்க?" பதில் வருகிற வரைக்கும் பம்பைத் தோளில் ஏற்றாதீர்கள்.