பல்பு மாறியது, பை மாறவில்லை

விலையும் வசதியும் கைகொடுத்தால் பழக்கம் மாறும். வெறும் உபதேசத்துக்கு இந்திய நுகர்வோர் அசைவதில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புகூட எல்.ஈ.டி. பல்பின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் குண்டு பல்பை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இன்று குண்டு பல்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காரணம், திடீர் சுற்றுச்சூழல் ஞானோதயம் அல்ல. கணக்கு. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக அரசு நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் பல்புகளை மொத்தமாக வாங்கியது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வினியோகிக்கப்பட்டன. 60 வாட் பல்பின் வேலையை 9 வாட் பல்பு செய்தது. ஒருமுறை மாட்டினால் போதும், பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

சமையலறையில் கதை வேறு. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் சுமார் 10 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு தந்தது. ஆனால் 2023-24இல் இவர்கள் வாங்கியது சராசரியாக ஆண்டுக்கு 4 சிலிண்டருக்கும் குறைவு. அடுப்பு வந்துவிட்டது, சிலிண்டருக்கோ ஒவ்வொரு முறையும் பணம் எடுத்து வைக்க வேண்டும். விறகோ பொறுக்கினால் கிடைக்கிறது. புகை நுரையீரலுக்குக் கேடு என்பது பெண்களுக்குத் தெரியாததல்ல. கையில் காசில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் பை இன்னும் சிக்கல். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கு மெல்லிய பைகளுக்கு நாடு முழுவதும் தடை. ஆனாலும் காய்கறிச் சந்தைகளில் மெல்லிய பைகள் மறையவில்லை. பை தர மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது வியாபாரியின் பயம்.

இந்தப் பயத்தைப் போக்க வழி உண்டு. வடக்கு சிக்கிமின் லாச்சென் கிராமம் 2012இல் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களைத் தடை செய்தது. தடையைக் கண்காணிப்பது ஊரின் பாரம்பரிய சபையான ஜும்சா. எல்லாக் கடைக்கும் ஒரே விதி. யாருக்கும் தனி நஷ்டம் இல்லை.

ஆக, மக்கள் மாற மாட்டார்கள் என்பது பொய். மாறுவதற்கான செலவை அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியாகச் சுமத்தினால் மாற மாட்டார்கள் என்பதே நிஜம். காய்கறியோடு பையும் இலவசமாக வரும்வரை, துணிப்பை வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.