வெள்ளம் தேங்கும் வயலை ஈரநிலமாக மாற்ற முடியுமா? தர்மபுரி விவசாயிகளுக்கு சட்டம் சொல்வது என்ன?

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தர்மபுரி மாவட்டம் அரூரில் பதிவான மழை 33 செ.மீ. பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. தர்மபுரிக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 85 செ.மீ.தான்.

இப்படிக் கொட்டும்போது முதலில் மூழ்குவது ஆற்றோரம், ஓடையோரம், ஏரியை ஒட்டி இருக்கும் பள்ளமான பட்டா நிலங்கள். சேர்வராயன் மலையில் பிறந்து தென்பெண்ணையில் சேரும் வாணியாற்றின் கரையிலும் இதே கதைதான். நெல் சில நாள் தாக்குப்பிடிக்கும். மரவள்ளியும் மஞ்சளும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 6,900 ரூபாய்கூட வராது. அந்தப் பணமும் பயிர் வைத்து அழிந்தால்தான் கிடைக்கும். அதனால் மூழ்கும் எனத் தெரிந்தே அதே நிலத்தில் திரும்பவும் விதைக்கிறார்கள்.

அந்த நிலத்தைத் தண்ணீருக்கே விட்டுவிட்டால்?

ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 12 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கு ஆவியாகும். மீதி மெல்ல இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறும். வெள்ளத்தைவிட வறட்சியையே அதிகம் பார்க்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2025 தொடக்க நிலவரப்படி தமிழ்நாட்டில் ராம்சர் தளங்கள் 20. தர்மபுரியில் ஒன்றுகூட இல்லை.

பண்ணைக்குட்டையும் ஈரநிலமும் ஒன்றா?

இல்லைங்க. பண்ணைக்குட்டை என்பது செங்குத்தான கரையோடு ஆழமாகத் தோண்டுவது. கொக்கும் நாரையும் உள்ளானும் இரை தேடுவது கணுக்காலில் இருந்து முழங்கால் வரையான தண்ணீரில். அதனால் பெரிய ஜேசிபி வேலையே தேவையில்லை. நிலத்தை வடிய வைக்க வெட்டிய வாய்க்காலை அடைத்து, சரிவான ஓரங்களை அப்படியே விட்டால் கோரையும் சம்பும் தானாக வரும். சீமைக் கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் மட்டும் வருஷா வருஷம் பிடுங்க வேண்டியிருக்கும். அதுதான் உண்மையான செலவு.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் சட்டத்தில் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், நெல் வயலையும் பாசனத்துக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலையையும் 'ஈரநிலம்' என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன.

வழி இருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவில். ஒரு சமூகமோ தனிநபரோ தானாக முன்வந்தால், அந்தத் தனியார் நிலத்தை மாநில அரசு 'சமுதாயக் காப்பகம்' என அறிவிக்கலாம். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். 2022 திருத்தத்தின்படி, தனியார் நிலம் என்றால் நிர்வாகக் குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி இருப்பார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: அறிவித்த பிறகு, குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. நாளைக்கு மனை போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இதற்கு முன்னுதாரணம் பஞ்சாபில் இருக்கிறது. குர்தாஸ்பூர் மாவட்டத்தின் கேஷோபூர் சதுப்பு நிலம், 5 கிராம ஊராட்சிகளுக்குச் சொந்தமானது. சுமார் 850 ஏக்கர். 2007இல் சமுதாயக் காப்பகமாகி, பிறகு ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே தாமரையும் நீர்க்கஷ்கொட்டையும் விளைகின்றன, மீன் வளர்ப்பும் நடக்கிறது. ஆனால் அது ஊர்ப் பொது நிலம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தனியாக அந்த முடிவை எடுப்பது வேறு கதை.

பணம் யார் தருவார்கள்?

சிக்கலே இங்கேதான். 36சி பிரிவு அங்கீகாரம் தருகிறது, ஆண்டு வருமானம் தருவதில்லை. அமெரிக்காவில் 1993 மிசிசிப்பி பெருவெள்ளத்துக்குப் பிறகு, திரும்பத் திரும்ப மூழ்கிய வயல்களில் பயிர் செய்யும் உரிமையை அரசே விலை கொடுத்து வாங்கியது. இப்போதும் நிரந்தரமாக ஒப்படைத்தால் அந்த உரிமைக்கு முழு மதிப்பும், சீரமைப்புச் செலவில் 75 முதல் 100 சதவீதமும் கிடைக்கிறது. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளா 2020இல், வயலை வயலாகவே வைத்திருப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை தரத் தொடங்கியது. தொகை குறைவுதான். ஆனாலும் நிலத்தில் நிற்கும் தண்ணீருக்கு ஒரு விலை உண்டு என ஓர் அரசு ஒப்புக்கொண்டது. வெள்ள நிவாரணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இப்படி ஆண்டு வாடகையாகத் தந்தால், தமிழ்நாட்டிலும் சிலர் முன்வருவார்கள்.

இப்போதே யோசிப்பவர்கள் என்ன செய்யலாம்?

முழு நிலத்தையும் விட வேண்டியதில்லை. அதிகம் தேங்கும் மூலையை மட்டும் ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். அதற்கு முன் பக்கத்து வயல்காரரிடம் பேசுவது அவசியம். நீங்கள் அடைக்கும் வாய்க்கால் அவர் வயலுக்கும் வடிகாலாக இருந்தால், தண்ணீர் அங்கே ஏறும், தகராறும் ஏறும். பொது ஓடை என்றால் நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. காப்பகமாக அறிவிக்க வேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நிலத்தின் மேல் கடன் இருந்தால் முதலில் வங்கியில் கேட்டுவிடுங்கள்.