வேலை இல்லாத நாளுக்கும் ஒரு வருகைப் பதிவேடு

வேலை போன ஒருத்தருக்கு நாம வழக்கமா செய்யும் உதவி மூன்று வகை. முதல் வாரம், "கவலைப்படாதே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஒரு ஆறுதல். இரண்டாவது வாரம் வாட்ஸப்பில் நாலு வேலைவாய்ப்பு லிங்க். இரண்டு மாதம் கழித்து, "என்னப்பா, ஏதாவது ஆச்சா?" இந்தக் கேள்வி வர ஆரம்பித்ததும் அவர் கல்யாணம் காட்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார். ஐடி துறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பதால் இது எத்தனையோ பேருக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட உருப்படியா ஏதாவது செய்ய முடியுமா என்று படிக்க ஆரம்பித்தேன். நல்ல பதில்களில் ஒன்று நான் இருக்கிற பக்கத்திலேயே கிடைத்தது. கல்மண்டபத்துக்கு ஒரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் சென்னைத் துறைமுகம். "இன்னைக்கு வேலை இல்லை" என்பதோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திய இடங்கள் இவை.

61 நாள் யாரும் வெட்கப்படுவதில்லை

முதலில் காசிமேடு. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். அந்த இரண்டு மாதம் ஒரு பெரிய கூட்டமே வேலை இல்லாமல் இருக்கிறது. படகு ரிப்பேர், இன்ஜின் சர்வீஸ், வலை பின்னுவது என்று கொஞ்சம் பேருக்கு வேலை உண்டு. மீதிப் பேர் சும்மாதான் இருக்கணும். அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆனது. இரண்டு மாதத்துக்கு அது போதாது. அடகு, கடன், கடையில் அக்கவுன்ட் எல்லாம் உண்டு.

ஆனாலும் மே மாதத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளியைப் பார்த்து "என்ன, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் வேலை இல்லை, ஏன் இல்லை என்று ஊருக்கே தெரியும், என்றைக்கு முடியும் என்றும் தெரியும். ஐடி ஆள் ஒருத்தருக்கு வேலை போகும்போது இந்த மூன்றுமே இருக்காது. அவருக்கு மட்டும்தான் போயிருக்கும், காரணம் புரியாது, முடிவு தேதியும் கிடையாது. பணக் கஷ்டம் இரண்டு இடத்திலும் உண்டு. ஒளிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் ஒரு இடத்தில்தான்.

துறைமுக வாசலில் ஒரு கணக்கு

அடுத்து துறைமுகம். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. பழைய காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்கள் பலவற்றிலும் ஒரே காட்சிதான்: காலையில் வாசலில் கூட்டம் நிற்கும், மேஸ்திரியோ கங்காணியோ வந்து "நீ வா, நீ வா" என்று கை காட்டுவார், மிச்சப் பேர் திரும்பிப் போகணும். கை காட்டுகிறவருக்குக் காசு கொடுப்பது, அவருக்கு வேண்டியவராக இருப்பது எல்லாம் இதிலிருந்து முளைத்தவை.

இந்த முறையில் உள்ள ஓட்டையைத் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் பெவரிட்ஜ். 1909-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வேலையின்மை என்பது தொழில்துறையின் பிரச்சினை என்கிறது அது, ஆளின் குறை என்று சொல்லவில்லை. அவர் வாதத்தை என் எண்களில் சொல்கிறேன்.

பத்து கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 பேர் வரை தேவைப்படலாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் வாசலில் 100 பேர் நின்றால்தான் நிம்மதி என்று நினைக்கும். ஆக மொத்தம் 1,000 பேர். ஆனால் பத்துக்கும் ஒரே நாளில் வேலை உச்சத்துக்குப் போவதில்லை. மொத்தத் தேவை எந்த நாளிலும் 800-ஐத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது 200 பேர் வருஷம் முழுக்க, எந்த நாளிலும் தேவைப்படாமலே, தினமும் நம்பிக்கையோடு வந்து நிற்கிறார்கள். அது யார் என்று அவர்களுக்கே தெரியாது. இன்று நீ, நாளை நான்.

சர்வர் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஒவ்வொரு அப்ளிகேஷனும் தனித்தனியாக டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் பாதி சும்மா கிடக்கும். பொதுவான 'பூல்' ஒன்று வைத்தால் குறைந்த எண்ணிக்கையில் வேலை முடியும். துறைமுகத்தில் வந்த தீர்வின் பெயரும் 'பூல்'தான்.

பதிவு, முறை, வந்ததற்குக் காசு

இந்தியத் துறைமுகங்களில் இந்த அன்றாடக்கூலி முறையை மாற்றணும் என்று தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் 1931-இலேயே சொல்லிவிட்டது. சட்டம் வர 1948 ஆனது. அதன் கீழ் 1950-களில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று துறைமுகவாரியாகத் திட்டங்களும் டாக் லேபர் போர்டுகளும் வந்தன. போர்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பும் இருந்தன. செலவுக்கு முதலாளிகளிடம் லெவி வசூலித்தார்கள்.

இந்தத் திட்டங்கள் செய்ததை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பதிவு. தொழிலாளியின் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும். கம்பெனிகள் அந்த ரிஜிஸ்டரிலிருந்துதான் ஆள் எடுக்கணும்.

இரண்டு, முறை. யார் யாருக்கு வேண்டியவர் என்பது போய், சுழற்சியில் வேலை வரும். உன் கேங்குக்கு இன்று இல்லையென்றால் வரிசையில் முன்னால் நகர்ந்திருக்கிறாய் என்று அர்த்தம்.

மூன்று, வந்ததற்குக் காசு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வேலைக்கு ஆஜராகியும் வேலை கிடைக்காத நாளுக்கு அட்டெண்டன்ஸ் மணி. மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி என்று ஒரு உத்தரவாதம். இவை போக இன்னொன்று: வேலை ஒதுக்கி, ஆளும் வந்த பிறகு ஏதோ காரணத்தால் வேலை தொடங்காமல் திருப்பி அனுப்பினால் அதற்கும் ஒரு தொகை. அதன் பெயர் 'டிஸ்அப்பாயின்ட்மென்ட் மணி', அதாவது ஏமாற்றத்துக்கான பணம். அரசாங்க விதிமுறையில் மனுஷனின் ஏமாற்றத்துக்கு ஒரு தலைப்பு போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை.

வேலை இல்லாத நாளில் ஒருத்தர் வீட்டில் 'சும்மா' இருக்கிறவர் ஆகிவிடுவார். இந்தத் திட்டத்தில் அவர் 'இன்று ஆஜரானவர்'. ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு கோடு விழுகிறது.

இதைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ரிஜிஸ்டர் என்றால் அதற்கு ஒரு சுவரும் உண்டு. உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு, வெளியே இருப்பவருக்குப் பழைய வாசல்தான். சரக்கு கையாளும் விதமும் மாறியது. மெட்ராஸ் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. மூட்டை மூட்டையாக ஒரு கேங் இறக்கியதை ஒரு கிரேன் பெட்டியாகத் தூக்க ஆரம்பித்தது. பெரிய துறைமுகங்களின் டாக் லேபர் போர்டுகளைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க 1997-இல் ஒரு சட்டம் வழிவிட்டது. போர்டு போய்விட்டது. அதன் மூன்று யோசனைகளும் இன்றைக்கும் உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆஜர் ஆவது ஏன் முக்கியம்

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு மில் கிராமம். 1930 வாக்கில் மில் மூடப்பட்டு, ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போனது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் ஆகியோர் அங்கே ஆய்வு செய்து 1933-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருக்கிறதே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்து, அடிக்கடி நின்று நின்று போனார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர அவர்களால் அதிகம் சொல்ல முடியவில்லை. பெண்கள் வேகமாக நடந்தார்கள். மில் கூலி அவர்களுக்கும் போயிருந்தது, ஆனால் அடுப்பும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்கள் நாளுக்கு ஒரு சட்டகம் மிச்சம் இருந்தது.

யஹோடா பின்னாளில் இதை விரித்து எழுதினார். வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை, நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, ஒரு பொது நோக்கம், ஒரு அடையாளம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் கட்டாயம் இவற்றையும் தருகிறது என்றார். சம்பளத்தை நண்பர்களால் தர முடியாது. மற்ற ஐந்தில் பாதியையாவது தர முடியும்.

அப்படித் தந்தால் வேலை கிடைக்குமா? அமெரிக்க உளவியலாளர் நேதன் அஸ்ரினும் குழுவும் 1975-இல் வெளியிட்ட 'ஜாப் கிளப்' சோதனை இதற்குப் பதில். வேலை தேடுகிறவர்கள் குழுவாகத் தினமும் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவர் போனில் பேசும்போது மற்றவர் கூட இருப்பார். தனக்குப் பொருந்தாத வேலைத் தகவலை மற்றவரிடம் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் கிளப்பில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. தனியாகத் தேடியவர்களில் 55 சதவீதம். சின்னச் சோதனை, அந்த ஊர், அந்தக் காலம். ஆனாலும் வித்தியாசம் சின்னது இல்லை.

தகவல் யாரிடம் இருக்கிறது

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளிவந்த ஆய்வுக்காக, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது, 55.6. அபூர்வமாக, 27.8. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுத் தகவல் கொண்டுவரும்.

லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான சோதனையின் முடிவு இதை ஒட்டியே வந்தது, ஒரு திருத்தத்தோடு. டிஜிட்டல் சார்ந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் உதவியது. டிஜிட்டல் குறைவான துறைகளில் நெருங்கிய உறவுதான் அதிகம் உதவியது. வடசென்னைக்கு இது முக்கியம். எண்ணூரில் ஃபிட்டர் வேலை மச்சான் மூலமாகவும், ஓஎம்ஆரில் டெஸ்டர் வேலை எட்டு வருஷம் முன்னால் கூட வேலை பார்த்தவர் மூலமாகவும் வர வாய்ப்பு அதிகம். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை சொல்லக் கூடாது.

ஒரு சின்ன பூல்

நாலைந்து பேர் சேர்ந்தால், போர்டின் மூன்று யோசனைகளையும் கையளவில் செய்யலாம்.

பதிவு: பெயர், தெரிந்த வேலை, தேடும் வேலை, எந்த ஊர் வரை போகத் தயார் என்று ஆளுக்கு நாலு வரி, அவரவர் சம்மதத்தோடு. "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. "டேலி தெரிந்தவர், மணலி வரை வருவார்" என்றால் ஒரு முகம் நினைவுக்கு வரும்.

முறை: வாரத்தில் இரண்டு நாள், ஒரே இடம், ஒரே நேரம். வேலையில் இருப்பவர்களும் வரணும், தூரத்துப் பழக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். அந்த நேரம் அவருடைய ரெஸ்யூமே, அவருடைய மாதிரி இண்டர்வியூ மட்டும்தான். "ஆச்சா?" என்ற கேள்விக்கு இடமில்லை, "இந்த வாரம் யாரிடம் பேசினாய்?" என்று கேட்கலாம். முதல் கேள்விக்கான பதில் அவர் கையில் இல்லை, இரண்டாவது அவர் கையில் இருக்கிறது.

ஏமாற்றப் பணம்: ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பணம். இண்டர்வியூவுக்குப் போய் வருகிறவருக்கு அன்றைய பஸ், ஆட்டோ, சாப்பாட்டுச் செலவு அதிலிருந்து. வேலை கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமல், போனதற்காகக் கொடுக்கணும். கடன் கேட்கக் கூசுகிறவர்கூட விதிப்படி வருவதை வாங்கிக்கொள்வார்.

உரிமையையும் விடக் கூடாது. இஎஸ்ஐ-யில் இருந்து வேலை இழந்தவருக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் சராசரிக் கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கலாம். தற்காலிகத் திட்டம், நீட்டித்து நீட்டித்து நடக்கிறது. அதனால் நடப்பில் இருக்கிறதா, நிபந்தனைகள் என்ன என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளணும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் காத்திருந்தவர்களுக்கான தமிழக அரசு உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை. என்னைப் போல பி.இ. படித்தவர்களுக்குக் கிடையாது.

இப்படிச் சேர்வதால் புது வேலை ஒன்றும் உருவாகாது. 800 இடத்துக்கு 1,000 பேர் என்றால் 200 பேர் நிற்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எப்போதும் அதே 200 பேர், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கணும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருத்தர் கொஞ்ச நாளாகக் கூட்டத்தில் தென்படவில்லையென்றால், லிங்க் அனுப்புவதற்கு முன்னால் ஒரு நாளும் நேரமும் குறித்து வரச் சொல்லுங்கள். அவர் வந்ததும் வருகைப் பதிவு தொடங்கிவிடும்.