தீயும் மரப்பட்டையும்

காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் தாளுக்குத் தீ வைக்கும் வழக்கத்தைச் சில ஊர்களில் இன்றும் காண்கிறோம். வைக்கோல் முழுதும் மாட்டுக்கு வேண்டியிருந்த நாளில் இதற்கு இடமில்லை. அறுவடை எந்திரம் வந்தபின், சிதறிக் கிடப்பதைத் திரட்டுவதினும் கொளுத்துவது எளிதாகத் தோன்றிவிட்டது. அத்தீ வரப்பேறி, அங்கு நிற்கும் வேம்பையும் கருவேலத்தையும் தீண்டுகிறது. அடிமரம் சற்றே கருகியது, அவ்வளவுதான் என்று நாமும் கடந்து விடுகிறோம். உண்மையில் அவ்வளவுதானா?

பட்டை என்பது ஒரே பொருளன்று. வெளியே இறந்த செல்களாலான தக்கை. அதன் உள்ளே இலையில் உண்டான சர்க்கரையை வேருக்குக் கொண்டு செல்லும் உயிருள்ள உட்பட்டை. அதற்கும் உள்ளே மரத்தைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம். ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் எட்டினாலே இப்படலம் மடிந்துவிடும். பட்டை இருமடங்கு தடித்திருந்தால் வெப்பம் உட்புக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆதலால்தான் முதுமரம் பிழைக்க, அதனருகே நின்ற இளமரம் பட்டுப்போகிறது.

தடிமன் ஒரு கவசம். வேதிப்பொருள்கள் மற்றொரு கவசம். கருவேலம்பட்டையை மென்றவர் அதன் துவர்ப்பை மறவார். அத்துவர்ப்புக்குக் காரணமான டானின் புரதத்தோடு பிணையும் இயல்புடையது. தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையையும் கருவேலம்பட்டையையும் நாடியது இவ்வியல்பு கருதியே. தோலைக் கெடாமல் காக்கும் அதே பொருள்தான், பட்டையைத் துளைக்க வரும் பூச்சிக்கும் பூசணத்துக்கும் அதனை உண்ணத் தகாததாக ஆக்குகிறது. காயம்பட்ட இடத்தில் வேம்பும் கருவேலமும் கசியவிடும் பிசினும் காவற்பொருளே.

தீ இக்காவலை இருவகையில் குலைக்கிறது. எளிதில் ஆவியாகும் பொருள்களைப் போக்கிவிடுகிறது. அதனினும் கொடிதாக, அவற்றை ஆக்கும் உயிர்ச்செல்களையே கொன்றுவிடுகிறது. இறந்த பட்டையில் பழைய டானின் ஓரளவு எஞ்சியிருக்கலாம். புதிதாகச் சுரக்க ஆளில்லை. எஞ்சிய உயிர்ப்பகுதியோ தன் சேமிப்பைக் காயம் மூடுவதற்கும் காவலுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டியதாகிறது. வண்டும் பூசணமும் நுழைய இதுவே தருணம். சுற்று முழுதும் உட்பட்டை மடிந்தால் வேர் பட்டினி கிடக்கும். எனினும் இலை சில மாதம் பசுமையாகவே இருக்கக்கூடும். நம்மை ஏமாற்றுவது அப்பசுமைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மொண்டானாப் பகுதியிற் பாண்டரோசா பைன் மரங்களை ஆராய்ந்தோர், மெல்லிய தீயைத் தாங்கிப் பிழைத்தவற்றில் பிசின் நாளங்கள் மிகுந்திருப்பதை 2015-ஆம் ஆண்டு வெளியிட்டனர். தீயே அம்மரத்தை வண்டுக்கு எதிராக ஆயத்தப்படுத்தியது எனலாம். ஆயினும் காட்டுத்தீயோடு பழகி வளர்ந்த பைனுக்குரிய இவ்விதியை நம் வரப்பு மரங்களுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

பனையின் நிலை வேறு. அதற்குக் கேம்பியம் வளையம் இல்லை. சாறு கடத்தும் நாளக்கற்றைகள் தண்டு முழுதும் சிதறிக் கிடக்கின்றன. புறம் கருகினும் குருத்துப் பிழைத்தால் பனை பிழைக்கும். மருதமோ இரங்கத்தக்கது. திருவிடைமருதூர் என ஊர்ப்பெயரில் நிற்கும் இந்த ஆற்றங்கரை மரத்தின் பட்டையை இதயநோய் மருந்துக்கென உரிப்பார்கள். உரித்த இடத்தில் தடிமனும் இல்லை, துவர்ப்பும் இல்லை. அங்கே தீ பட்டால் வெப்பம் நேரே உள்ளே இறங்கும்.

கருகிய மரத்தைச் சோதிக்க விரும்புவோர் காற்று வந்த பக்கத்தை மட்டும் பார்த்தல் போதாது. தண்டைச் சுற்றிச் சுழலும் தீ மறுபக்கத்திலேயே உயர எழுந்து நெடுநேரம் எரியும். அங்கே நகத்தளவு பட்டையைச் சீவினால், ஈரமும் வெளிர்நிறமும் தெரிவது உயிர். உலர்ந்த பழுப்பு இறப்பு. தாளைக் கொளுத்தியே தீருவோம் என்பவரும், அதற்குமுன் மரத்தடியில் இரண்டு முழச் சுற்றளவுக்கேனும் வைக்கோலை வாரி அப்புறப்படுத்தக் கால்மணி நேரம் போதும்.