நமது இளையோர் காற்பந்துக் குழு வளர்ந்த வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. நம் தோட்டத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். திடலின் ஓரத்தில் நின்ற தகப்பனார் ஒருவர் என்னை நோக்கி, "வாத்தியாரையா, பந்தை உதைத்தால் நாளைக்குச் சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். அவருடைய மகன் அப்போது நம் பள்ளிக் குழுவின் சிறந்த ஆட்டக்காரன். மாவட்டத் தேர்வுக்கு அவனை அனுப்பத் தகப்பனாருக்கு மனமில்லை. தக்க மறுமொழி கூற எனக்கும் அன்று தெரியவில்லை. பையன் தேர்வுக்குப் போகவில்லை. அன்று நான் கூறத் தவறிய மறுமொழியே இக்கட்டுரை. அதைக் கூறுவதற்கு முன், நம் நாட்டு இளையோர் காற்பந்துக் குழுவின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இளையோர் குழு என்பது ஒரே குழுவன்று. 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர் என வயதிற்கேற்பப் பல குழுக்கள் உண்டு. போட்டிக்குப் போட்டி இவ்வயது வரம்பு ஓரிரண்டு ஆண்டு மாறுவதும் உண்டு. இவையெல்லாம் நாட்டின் முதன்மைக் குழுவிற்கு நாற்றங்கால் போன்றவை.

இந்த நாற்றங்காலை ஆசியாவிற்கே அமைத்துத் தந்த பெருமை நம் நாட்டைச் சேரும். நாடு விடுதலை பெற்றது 1957ஆம் ஆண்டில். முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் காற்பந்தின்பால் பெரும் பற்றுடையவர். 1958ஆம் ஆண்டில் அவர் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். மறு ஆண்டே, அதாவது 1959இல், முதலாவது ஆசிய இளைஞர் காற்பந்துப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. தென் கொரியா முதலிடம் பெற்றது. மலாயா இரண்டாமிடம் பெற்றது. 1960ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரிலேயே போட்டி நடந்தது. அவ்வாண்டும் அதே முடிவுதான். பின்னர் 1968ஆம் ஆண்டில் சியோல் நகரில் நடந்த போட்டியில் நம் இளைஞர்கள் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டிப் பர்மாவிடம் தோற்றனர். மூன்று முறை இறுதிவரை சென்றும் ஆசியக் கிண்ணம் நம் கைக்கு வரவில்லை. 1968க்குப் பின் அந்த இறுதியாட்டத்தில் நாம் கால் வைக்கவும் இல்லை.

உலக இளைஞர் காற்பந்துப் போட்டி 1977ஆம் ஆண்டில் துனிசியாவில் தொடங்கிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டில், அப்போட்டியை ஏற்று நடத்தும் வாய்ப்பு மலேசியாவிற்குக் கிடைத்தது. 24 நாடுகள் கலந்துகொண்டன. ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா 2–1 என்ற கோல் கணக்கில் உருகுவேயை வென்றது. விருந்தோம்பும் நாடு என்ற முறையில் இடம் பெற்ற நம் குழுவோ மொரோக்கோ, உருகுவே, பெல்ஜியம் ஆகிய மூன்று குழுக்களிடமும் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அதே 1997ஆம் ஆண்டுப் போட்டியில் பிரான்சு நாட்டுக்காக ஆடிய தியரி ஹென்றி, டேவிட் திரெசகே என்னும் இளைஞர் இருவர், அடுத்த ஆண்டே உலகக் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சுக் குழுவில் இடம் பெற்றிருந்தனர். இஃது எவ்வாறு இயன்றது? பிரான்சு நாடு 1988ஆம் ஆண்டிலேயே கிளேர்பொந்தேன் என்னும் ஊரில் தேசியப் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவியது. ஹென்றி அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 13. விதைத்துப் பத்தாண்டு பொறுத்திருந்து அவர்கள் பலன் கண்டார்கள்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. உண்மைதான். ஆயினும் முளையில் தெரிந்தால் மட்டும் போதுமா? இதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டினாலும், அந்த ரப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. பொறுமையிழந்து இளமரத்தைச் சீவினால் பட்டை பாழாகும், மரமும் பாழாகும். காற்பந்தாட்டக்காரனும் அவ்வாறே வளர்கிறான்.

நம் நாடும் இப்பாடத்தைக் கற்கத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டில் மலேசியக் காற்பந்துச் சங்கம் 'ஹரிமாவ் மூடா', அதாவது 'இளம் புலிகள்' என்னும் குழுவை அமைத்தது. இளைஞர்கள் ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி பெற்று, பெரியவர்களின் லீக் போட்டிகளிலேயே ஆடினர். 2009இல் மலேசிய பிரிமியர் லீக்கையும் வென்றனர். 2012இல் சிங்கப்பூர் லீக்கிலும், 2014இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து லீக்கிலும் ஆடினர். 2015ஆம் ஆண்டில் அக்குழு கலைக்கப்பட்டது.

அம்முயற்சியின் பலனைச் சீ விளையாட்டுப் போட்டியில் கண்டோம். 2001ஆம் ஆண்டு முதல் அப்போட்டியின் காற்பந்து 23 வயதுக்குட்பட்டோருக்கு உரியதாயிற்று. 2009ஆம் ஆண்டில் லாவோசில், பயிற்றுநர் கே. ராஜகோபால் அவர்களின் கீழ், நம் இளைஞர்கள் வியட்நாமை 1–0 என வென்று தங்கம் பெற்றனர். 20 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. அக்குழுவில் எஸ். குணாளன், கே. குருசாமி ஆகிய நம்மவரும் இருந்தனர். 2011ஆம் ஆண்டில் ஜக்கார்த்தாவில், இந்தோனேசிய ரசிகர்கள் நிறைந்திருந்த அரங்கில், பினால்டி உதைகளில் மீண்டும் தங்கம் வென்றோம். அப்போது பயிற்றுநராக விளங்கிய ஓங் கிம் சுவீ நம் மலாக்காவின் மைந்தர். 2017ஆம் ஆண்டில் ஷா ஆலாமில் நடந்த அரையிறுதியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், என். தனபாலன் தலையால் முட்டிய பந்து கோலாகி இந்தோனேசியாவை வீழ்த்தியது. அவ்வாண்டு நமக்கு வெள்ளி கிடைத்தது.

அவர்களினும் இளையோரும் பின்தங்கவில்லை. 19 வயதுக்குட்பட்டோருக்கான தென்கிழக்காசியக் கிண்ணத்தை 2018ஆம் ஆண்டில் மியன்மாரை 4–3 என வென்றும், 2022ஆம் ஆண்டில் லாவோசை 2–0 என வென்றும் நம் பிள்ளைகள் கைப்பற்றினர். 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி பகாங் மாநிலம் கம்பாங்கில், மறைந்த வீரர் மொக்தார் டஹாரியின் பெயரால் ஒரு பயிற்சிக் கழகம் அமைந்தது. அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சியும் பெறுகின்றனர்.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. தென்கிழக்காசியாவில் வெல்கிறோம், ஆசியாவில் தடுமாறுகிறோம். 2025ஆம் ஆண்டு வரை, தகுதிச்சுற்றில் வென்று இளையோர் உலகக் கிண்ணத்திற்கு நாம் சென்றதே இல்லை.

இனி, அந்தத் தகப்பனாரின் வினாவிற்கு வருகிறேன். பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா? பெரும்பாலோர்க்குக் கிடைக்காது. ஒரு தேசியக் குழுவில் இடம் பெறுவோர் இருபத்து மூவர் அளவே. இளையோர் குழுவில் ஆடியவர் எல்லாரும் முதன்மைக் குழுவை அடைவதும் இல்லை. ஆதலால் படிப்பை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றுமாறு நான் ஒருபோதும் கூறமாட்டேன். இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

ஆனால் மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். பள்ளி, மாவட்டம், மாநிலம், நாடு என்பதே பள்ளிப் பிள்ளைகள் ஏறும் படிவரிசை. இதில் முதற்படி நம் திடலில் இருக்கிறது. அலோர் காஜாவிலிருந்து சென்ற சோ சின் ஆன் 1972ஆம் ஆண்டில் மியூனிக் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடினார். அவரும் ஒரு நாள் முதற்படியில் நின்ற சிறுவரே. தேர்வுக்குச் சென்று தோற்ற பிள்ளை தன் அளவை அறிந்து திரும்புகிறான்; மறுநாள் பாடப் புத்தகத்தை எடுக்கிறான். தேர்வுக்கே போகாத பிள்ளையோ, "போயிருந்தால்?" என்ற வினாவை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறான். அந்தச் சிறுவனை நான் இன்றும் எப்போதாவது ஜாசின் கடைத்தெருவில் காண்கிறேன். அவன் இப்போது குடும்பஸ்தன். என்னைக் கண்டால் வணக்கம் சொல்வான். காற்பந்தைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

பெற்றோர்களே, அடுத்த பருவத்தில் மாவட்டத் தேர்வுக்கான அனுமதிக் கடிதம் உங்கள் இல்லத்திற்கு வரும். தயங்காமல் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பிள்ளையைப் பத்திரமாக அழைத்துச் சென்று, மாலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவது எங்கள் பொறுப்பு. விடுபட்ட பாடத்தை மறுநாள் கற்பிப்பதும் எங்கள் பொறுப்பே.