குளத்துச் சரளையில் குடியேறும் உயிர்கள்

தோட்டத்தில் ஆசையோடு ஒரு சிறு குளம் கட்டி, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி நீர் தெளிந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அன்றைக்கே பத்துப் பொன்மீன்களை விட்டுவிடுகிறவர்கள், இரண்டாம் வாரத்தில் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பதன் காரணம் அறியாமல் கலங்குகிறார்கள். தெளிவு வேறு, சுத்தம் வேறு. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஆயினும் தேங்கினால் அந்தச் செவுளையே புண்ணாக்கும் விஷம் அது.

அந்த விஷத்தையே ஆகாரமாகக் கொண்டு ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. 1877-இல் பிரான்சு தேசத்து விஞ்ஞானிகளான ஷ்லேசிங்கும் மியூன்ட்ஸும், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்லச் செலுத்திப் பார்த்தார்கள். இருபது நாட்கள் வரை யாதொரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோயிற்று. மாற்றியது மணலன்று, மணலில் வாழ்ந்த உயிர்களே என்பது அதனால் ருசுவாயிற்று. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்க, வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது என்பதைப் பின்னர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி தெளிவாக்கினார். இடையில் வரும் நைட்ரைட்டும் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சடைக்கச் செய்வதாகையால், இரு வகையும் வேரூன்றினாலன்றிக் குளம் பத்திரமானதாகாது.

நம் குளத்தின் வடிகட்டியும் அந்தக் கண்ணாடிக் குழாய் போன்றதே. ஒரு தொட்டியில் சரளையோ ஸ்பாஞ்சோ நிரப்பி, மோட்டார் வைத்துக் குளத்து நீரை அதன் வழியே இரவும் பகலும் ஓடவிட வேண்டும். ஓட்டம் நின்றால் பிராணவாயு இன்றி அவ்வுயிர்கள் மடியும். அவை மிக நிதானமாகவே பெருகுவதால், வெப்பமான பருவத்திலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும். அதுவரை இரண்டொரு மீன்களும் சொற்ப இரையுமே போதும். நன்றாக நடக்கும் பழைய குளம் ஒன்றிலிருந்து ஒரு கூடை சரளை கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றியது போல வேலை விரைவில் கூடும்.

சில வாரங்கள் சென்று ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினால் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அழுக்கென்று எண்ணி அதைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறவர்கள் எத்தனையோ பேர். குழாய் நீரிலுள்ள குளோரின், வாரக்கணக்கில் வளர்ந்த குடியிருப்பை நாசமாக்கிவிடும். சரளையை அலச வேண்டிவந்தால், அந்தக் குளத்து நீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் லேசாக முக்கியெடுங்கள்.